இருப்புக்கொள்ளாதவள்

பசுவந்தனையில் வேலுத்தாய்க்கு ஊர் வைத்த பட்டம் இருப்புக்கொள்ளாதவள். அடுப்பில் உலை கொதிப்பதற்குள் காட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடுவாள். இதே ஓட்டத்தை அவள் புருஷன் திருப்பதி ஓடியபோது சுறுசுறுப்பான ஆள் என்றார்கள். அவன் செத்து, மூன்று ஏக்கர் கரிசல் காட்டை இவள் கையில் எடுத்ததும் அந்த ஓட்டத்துக்குப் பேர் மாறிவிட்டது. என்ன நியாயமோ!

புரட்டாசிப் பாதியில், ஒரு சொட்டு மழை காணாத புழுதியில் உளுந்து விதைக்க டிராக்டரைக் கூட்டி வந்தாள். புருஷனின் அண்ணன் அழகிரிசாமி வரப்பில் வந்து நின்றார்.

"மழை விழட்டும் தாயி. நாங்கல்லாம் பொறுத்து இருக்கலியா? ஒனக்கு மட்டும் ஏன் இருப்புக்கொள்ளல?"

"மழை விழுந்தா இந்த மண்ணு கால வைக்க விடாது அத்தான். அதான் இப்பமே விதைக்குதேன்."

"வெதை கருகிப் போச்சுன்னா?"

"போனா, அடுத்த வருசம் இந்தக் காட்ட நீங்களே வச்சு வெள்ளாமை பாருங்க."

பிள்ளைகள் இரண்டுக்கும் சோறு போடுவது அந்தக் காடுதான். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்குகிறவள் இல்லை அவள். விதையை நன்றாக ஆழத்தில் விழ வைக்கும்படி டிராக்டர்காரரிடம் சொன்னாள்.

பத்தாம் நாள் தூறல் போட்டது. அரைகுறை ஈரத்தில் முளைத்தால் மறுநாள் வெயிலில் பயிர் செத்துவிடும். "வேலுத்தாய் வெதை போச்சு" என்று டீக்கடையில் பேச்சு. அவள் ஓடிப்போய் மண்ணைத் தோண்டினாள். மேலே ஈரம், மூன்று விரல் ஆழத்தில் விதை காய்ந்தபடியே பத்திரமாகக் கிடந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஐப்பசி பிறந்ததும் மூன்று நாள் விடாத மழை. கரிசல் களியாகிவிட்டது. ஆளும் இறங்க முடியவில்லை, டிராக்டரும் இறங்க முடியவில்லை. ஒரு வாரத்தில் வேலுத்தாய் காட்டில் மட்டும் வரிசை வரிசையாக உளுந்து இலை விட்டிருந்தது.

பக்கத்து வரப்பில் அழகிரிசாமி விதை மூட்டையைப் போட்டுவிட்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். காட்டுக்குள் ஒரு காலை வைப்பார், முழங்கால்வரை புதையும், பிடுங்கிக்கொண்டு மறுபடியும் நடப்பார்.

"என்ன அத்தான், இருப்புக்கொள்ளலியோ?" சுற்றுக்காட்டுக்கெல்லாம் கேட்கும்படி கேட்டாள் வேலுத்தாய். "மண்ணு காய இன்னும் நாலஞ்சு நாளாவும். பொறுத்து இருங்க."

சொல்லிவிட்டு அங்கே நிற்கவில்லை. அவளுக்கு வேலை கிடந்தது.