கியாக்தான் அணிக்குச் சோறு

கரும்பலகையில் யாங்கோன் படம் மாதிரி எதையோ கிறுக்கி, அதன் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார் எங்கள் தலைமையாசிரியை டோ மியா மியா. கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் பசுந்தாங், தாமுவே, நகரத்துப் பள்ளிகள். அந்தப் பக்கம், பாலம் தாண்டி, கியாக்தான். "இந்த வருடத்திலிருந்து நம் குழு இதுதான்" என்று பர்மியத்தில் சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். இத்தனை வருடமாக ஒரே குழுவில் பந்தாடி வந்த இரண்டு பள்ளிக்கூடங்களை ஒரு துண்டு சாக்பீஸ் பிரித்துப் போட்டது.

பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன்.

"ஏன் சயாமஜீ, கியாக்தான் என்ன பாவம் செய்தது?" என்று கேட்டேன். தலைமையாசிரியையை நாங்கள் எல்லோரும் சயாமஜீ என்றுதான் கூப்பிடுவோம். கோபம் வந்தாலும் அந்த மரியாதை மட்டும் தானாக வந்துவிடும்.

அவர் பொறுமையாகக் காரணம் சொன்னார். பள்ளி வட்டங்களைத் திருத்தி வரைந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துச் சில சந்துப் பிள்ளைகள் இனித் தாமுவேப் பள்ளிக்குப் போவார்கள். வட்டம் மாறினால் பந்தாட்டக் குழுவும் மாறும். அது போக, பெட்ரோல் விற்கிற விலையில் பஸ் பிடித்துக் கியாக்தான் போய்வர முடியுமா? இருட்டுவதற்குள் பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டாமா? எல்லாம் நியாயம். நியாயமான காரணத்தைப் போல எரிச்சல் மூட்டுவது உலகத்தில் வேறொன்றும் கிடையாது.

நான் விடவில்லை. கியாக்தான் மைதானம் சேறு, சேற்றில் ஆடினால்தான் பையன்களுக்குக் கால் உரம் ஏறும் என்றேன். தாமுவேப் பையன்கள் முழங்கையால் இடிப்பார்கள் என்றேன். ஆற்றுக்காற்று நெஞ்சுக்கு நல்லது என்றுகூடச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் பயிற்சியாளர் இனாயத்துல்லா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பகலில் இரும்புக்கடை, மாலையில் பள்ளிக்கூட மைதானம் என்று இருக்கிற மனுஷர் அவர். பந்தாட்டம் பற்றி என் வாயிலிருந்து ஒரு சொல் வந்து அவர் கேட்டதே இல்லை.

"அக்கா, உக்காருங்க" என்று தமிழில் மெல்லச் சொன்னார்.

உட்கார்ந்தேன். உண்மையான காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்லும்படியாகவா இருந்தது?

என் பெயர் புஷ்பலதா. பசுந்தாங்கில் தையல்கடை வைத்திருக்கிறேன். பள்ளி அணிக்குச் சட்டை தைப்பது நான். என் மகன் அந்தச் சட்டையைப் போட்டு ஆடி, படிப்பை முடித்து, மலேசியாவுக்கு வேலைக்கும் போய்விட்டான். அவன் பள்ளிக்கூடத்தை விட்டான், நான் விடவில்லை. எங்கள் வீட்டுக்காரர் இதற்காக என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

எங்களுக்கும் கியாக்தானுக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் ஒரு வருடம் இங்கே என்றால் மறு வருடம் அங்கே. வருகிற அணிக்கு, ஆட்டம் தொடங்குமுன், இருக்கிற அணி சோறு போட வேண்டும். வருகிறவர்கள் வெறுங்கையோடு வர வேண்டும். கட்டுச்சோறு கொண்டுவந்தால் போடுகிறவர்களுக்கு அவமானம். அந்தக் காலத்தில் ரோடும் பாலமும் இல்லாமல், விடியற்காலையில் கிளம்பிப் பசியோடு வந்து இறங்கிய பையன்களுக்காக யாரோ தொடங்கி வைத்தது. பாலம் வந்த பிறகும் சோறு நிற்கவில்லை.

இங்கே ஆட்டம் என்றால் பள்ளி மண்டபத்தில் பாய் விரித்துப் பந்தி. டான்பௌக் பிரியாணி இனாயத்துல்லா வீட்டுப் பொறுப்பு. கத்தரிக்காய்த் தொக்கும் ரசமும் என் பொறுப்பு. நாங்கள் வேண்டுமென்றே அதிகம் போட்டு அவர்கள் பையன்களை ஓடவிடாமல் செய்கிறோம் என்று கியாக்தான்காரர்கள் ஒரு பேச்சுக் கட்டிவிட்டிருந்தார்கள். அதனால் அவர்களுடைய பயிற்சியாளர் பையன்களுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் அனுமதிக்க மாட்டார். தான் மட்டும் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மறுசோறு, மறுதொக்கு என்று வாங்கிச் சாப்பிடுவார்.

அந்தப் பயிற்சியாளர் சுப்பிரமணியம். என் கூடப் பிறந்த அண்ணன்.

எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. என் மகள் கலாவின் கல்யாணம் ஊரடங்கு நாட்களில் நடந்தது. கோயிலில் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள், கூட்டம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டியது தாய்மாமன். தாய்மாமனோ பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். போனும் வேலை செய்யவில்லை. குருக்கள் அவசரப்படுத்தினார். கடைசியில் எங்கள் வீட்டுக்காரருடைய மைத்துனர் முறையில் ஒருவரை நிறுத்திக் காரியத்தை முடித்தோம். அண்ணன் மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தார். பாதி தூரம் நடை, பாதி தூரம் யாரோ ஏற்றிவிட்ட சைக்கிள். கையில் கலாவுக்கான பட்டுப்புடவை. தாலி ஏறிவிட்டதைப் பார்த்தார். புடவையைக் கோயில் வாசலில் வைத்தார்.

"இனி உன் வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்றார்.

நானும் சும்மா இருந்தேனா? "நீங்க கூப்பிடாம நானும் கியாக்தான் மண்ணை மிதிக்க மாட்டேன்" என்றேன். எங்கள் குடும்பத்தில் யாருக்காவது கோபம் வந்தால் சபதம் போடாமல் தணியாது.

ஆனால் பள்ளிக்கூட மண்டபம் என் வீடு இல்லை. அவர் சபதத்தில் மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. அங்கே ஆட்டம் என்றால் எங்கள் அணிக்கு அழைப்பு வரும், நான் அணியோடு போவேன். அது அணிக்கு வந்த அழைப்பு. ஆக, சபதமும் உடையாமல், வருடத்துக்கு ஒரு நாள் ஒருவர் கையால் ஒருவர் சாப்பிட்டு வந்தோம். பேச்சு எல்லாம் நடுவில் ஒரு பையனை வைத்துத்தான். "அந்தம்மாகிட்ட தொக்குல உப்பு கம்மின்னு சொல்லு" என்பார், நான் முன்னால் நிற்கும்போதே. உப்பு கம்மியாக இருக்காது. "கம்மியா இருந்தா எதுக்கு மூணாந்தடவை வாங்குறாருன்னு கேளு" என்பேன். பையன் திருதிருவென்று விழிப்பான். அந்த ஒரு நாள்தான் எனக்கு வருடம் முழுவதும் ஓடியது. அதைத்தான் டோ மியா மியாவின் சாக்பீஸ் அழித்தது.

குளிர் தொடங்கியதும் புதுக் குழுவில் எங்கள் முதல் ஆட்டம். தாமுவேப் பள்ளி எங்கள் மைதானத்துக்கு வந்தது. வழக்கம் வழக்கம்தான் என்று நான் தொக்கு கிளறி மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தேன். தாமுவேப் பையன்கள் இரண்டு பஸ் நிறுத்தம் தாண்டி வந்தவர்கள். வீட்டிலேயே சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்கள். போன வருடம்வரை எங்கள் அணியில் ஆடிய பையன்கூட ஒருவன் அவர்களோடு இருந்தான், சந்து அந்த வட்டத்துக்குப் போய்விட்டதால். என்னைப் பார்த்துச் சிரித்தான். ஒருத்தரும் பந்தியில் உட்காரவில்லை.

"யாபாதே ஆன்ட்டி, பரவாயில்லை, வயிறு நிறைஞ்சிருக்கு" என்று மரியாதையாகவே சொன்னார்கள்.

அவர்கள் மேல் தப்பு இல்லை. வீட்டுக்கு நடந்து போய்ச் சாப்பிடுகிற தூரத்தில் இருப்பவனுக்கு எதற்குச் சோறு? தூரம் இருந்ததால்தான் வழக்கம் இருந்தது. எங்கள் அண்ணன் தங்கை உறவையும் அந்தத் தூரம்தான் இத்தனை நாள் காப்பாற்றிக் கொடுத்தது என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு அழுகை வந்தது. தொக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போய்விட்டேன்.

இனாயத்துல்லா அங்கே வந்து நின்றார். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்க்காதவர் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அக்கா, உங்களுக்குக் கோல் எது, அவுட் எதுன்னே தெரியாது. கூட்டத்துல அந்தப் போடு போட்டீங்க. எனக்கா தெரியாது?"

"என்ன தெரியும் பாய் உங்களுக்கு?"

"வர்ற சனிக்கிழமை கியாக்தான்ல ஆட்டம். தன்லியின்னு ஒரு டவுன் இருக்குல்ல, அந்தப் பக்கத்து ஸ்கூல் ஒண்ணு வருது. அவங்களுக்கு உங்கண்ணன்தான் சோறு போடுறாரு. சும்மா சொன்னேன்."

சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டார். அன்று நாங்கள் தோற்றோம்.

சனிக்கிழமை காலையில் தொக்கு செய்தேன். தூக்கில் அடைத்து மூடிய பிறகுதான் வருகிற அணி வெறுங்கையோடு வர வேண்டும் என்பது நினைவு வந்தது. தூக்கை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் முழுக்க எனக்குள் ஒரே சண்டை. கூப்பிடாமல் போகிறாயே, வெட்கம் இல்லையா என்று ஒரு மனசு. வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன தைக்கப் போகிறாய் என்று இன்னொரு மனசு. பாலத்தின் மேல் போகும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பாலத்தில் பஸ் நிற்காது.

ஆற்றின் நடுவே இருக்கிற புத்தர் பகோடாவுக்குப் படகு ஏறும் துறையருகே அண்ணனுடைய கடை. பகோடாவுக்கு வருகிறவர்கள் மீனுக்குப் போடுகிற தீனியைப் பொட்டலம் கட்டி விற்கிறார். கடை மூடியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

மண்டபத்தில் பந்தி முடிகிற நேரம். தன்லியின் டவுன் பையன்கள் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் லொங்ஜியை மடித்துக்கட்டி, மீன்குழம்பு வாளியும் கரண்டியுமாக நின்றார். முன்னைக்கு இப்போது இளைத்திருந்தார். நான் யாரையும் பார்க்காமல் காலியாக இருந்த பாயில் போய் உட்கார்ந்தேன்.

வாளி அப்படியே நின்றது. அவர் பக்கத்தில் இருந்த பையனைக் கூப்பிட்டார். சட்டையெல்லாம் போட்டு ஆட்டத்துக்குத் தயாராக இருந்தவன்.

"அவங்க எந்த டீம்னு கேளு."

"பசுந்தாங் டீம்னு சொல்லு" என்றேன்.

"பசுந்தாங் இப்ப நம்ம குரூப்புலயே இல்லன்னு சொல்லு."

"அது கோடு போட்டவங்களுக்குன்னு சொல்லு."

"மத்த ஆளுங்க எங்கன்னு கேளு."

"வந்தது நான் ஒருத்திதான்னு சொல்லு."

பையன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வெளியே விசில் ஊதியது. "ஊலே, ஆட்டம்!" என்று அண்ணனைக் கூப்பிட்டுக் கத்திவிட்டு ஓடியே போய்விட்டான். மற்றவர்களும் போய்விட்டார்கள். மண்டபத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். நடுவில் நிறுத்தி வைத்துப் பேச ஒரு ஈ காக்கை இல்லை.

ஒரு பயிற்சியாளர் ஆட்டம் தொடங்கிய பிறகும் மண்டபத்தில் நிற்கிறாரே என்று எனக்கே பதற்றமாக இருந்தது.

"ஆட்டம் ஆரம்பிச்சிருச்சு. போங்கண்ணே" என்றேன்.

கலா கல்யாணத்துக்குப் பிறகு அவரைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

அவர் போகவில்லை. தட்டைக் கொண்டுவந்து வைத்தார். சோறு போட்டார். குழம்பு ஊற்றினார். நல்ல நடுத்துண்டாகப் பார்த்து ஒரு மீனும் வைத்தார்.

"சாப்பிடு லதா" என்றார்.

சாப்பிட்டேன். அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன், மறைக்கவில்லை. அவர் எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கலா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. அந்தப் பட்டுப்புடவைய எடுத்து வச்சிருக்கா. மாமா கையால வாங்கித்தான் கட்டுவேன்னு இன்னும் கட்டல."

வெளியே பெரிய கூச்சல் எழுந்தது. யாரோ கோல் போட்டிருக்க வேண்டும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்த வருஷம் நீ இங்க சாப்பிட்டுட்ட. அப்படின்னா அடுத்தது நாங்க அங்க வரணும்" என்றார் மெதுவாக.

"வரணும். அதானே வழக்கம்."

"எங்க போடுவ சோறு? ஆட்டமே இல்லாம மண்டபம் குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்க. வீட்டுலதான் போடணும்."

அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. இப்போது எழுந்து போய்விட்டால், இனி எந்தக் குழுவும் எந்த வட்டமும் எங்களை ஒரு பந்தியில் உட்கார வைக்காது.

அண்ணன் குழம்பு வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தார். தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"கத்தரிக்காய் இருக்கும்ல?"

"இருக்கும். உப்பு பார்த்துப் போடுறேன்."

"இத்தனை வருஷமும் சரியாத்தான் இருந்துச்சு" என்றார்.

பிறகு எழுந்து, லொங்ஜியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மைதானத்தைப் பார்த்து ஓடினார். நான் மிச்சச் சோற்றைக் குழம்போடு பிசைந்து சாப்பிட்டு முடித்தேன். மீன்குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். அதை அவர் வீட்டுக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.