பூனைக்கண்

அன்புவழிபுரத்தில் உயர்தர உயிரியல் படிக்கிற பிள்ளைகளிடம் ஒடுக்கற்பிரிவு என்று சொல்லிப் பாருங்கள். இராகுலன் சேரிடம் போ என்பார்கள். அந்த இராகுலன் நான்தான். இருபத்திரண்டு வருடமாகச் சிவப்புச் சோக்கிலும் நீலச் சோக்கிலும் நிறமூர்த்தங்கள் என்கிற குரோமோசோம்களை வரைகிறேன். சிவப்பு தாய் தந்தது, நீலம் தகப்பன் தந்தது. விந்தோ முட்டையோ உண்டாகும்போது சிவப்பும் நீலமும் அருகில் வந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு பிரியும். ஒரு விந்துக்கோ முட்டைக்கோ பாதிதான் போகும். துண்டு மாற்றுவதைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் ஒருவரிடமிருந்து எண்பத்து மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட விதமான பாதிகள் வரலாம்.

"அதுதான் பிள்ளையள், ஒரு வயித்தில பிறந்ததுகளும் ஒரே மாதிரி இருக்காதுகள். பூட்டனில இருந்து ஒளிச்சு வந்தது பேரனில வெளிய வரும்."

யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "சேருக்கு எத்தினை சகோதரம்?"

"ஒரு தங்கச்சி" என்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

எனக்கு ஒரு தம்பியும் உண்டு. ரஜீவன். எண்பத்தொன்பதில், இந்திய ஆமி ஊரில் நின்ற காலத்தில் பிறந்தவன். பூனைக்கண். அப்பா தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "புஸ்பராணி, இது ஆரின்ரை கண்?" என்று கேட்டாராம். அம்மா இல்லை இல்லை என்று தலையில் அடித்து அழுததை எட்டு வயதில் நான் கேட்டேன். அப்பா அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அவனுடைய சாப்பாட்டுக் கோப்பை மட்டும் குசினி அடுப்படிக்குப் போனது. அவன் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டான், அம்மா பக்கத்தில் இருந்து சாப்பிட்டா. மேசையில் அப்பா, நான், தங்கை நிரோஜினி. மீன்தலை எப்போதும் எனக்கு.

உயர்தரம் படித்தபோது, அந்தக் கண் அம்மா, அப்பா இரண்டு பக்கத்திலும் ஒளிந்திருந்து வந்திருக்கலாம் என்று எனக்கு விளங்கிவிட்டது. அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை. பயம் என்று இவ்வளவு நாளும் என்னையே ஏமாற்றினேன். உண்மையில் மீன்தலை பழகிப்போயிருந்தது.

அம்மா இரண்டாயிரத்தெட்டில் செத்துப்போனா. ரஜீவன் சீனன்குடாவில் அறை எடுத்து, மின்வேலை செய்து பிழைத்தான். அப்பாவின் செத்தவீட்டுக்கும் அவன் வரவில்லை.

போன வருடம் என் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. சகோதரம் யாராவது ஒன்று தந்தால்தான் உயிர் என்றார் டொக்டர். நிரோஜினி உடனே வந்தாள். என்னை உரித்து வைத்தாற்போல இருப்பாள். "உவளின்ரை பொருந்தாமல் ஆரின்ரை பொருந்தப் போகுது?" என்றார்கள் சொந்தக்காரர். வெட்கக்கேடு, நானும் அதை நம்பினேன். சோதித்தால் ஒரு பாதிகூடப் பொருந்தவில்லை. என் உடம்பு அவளுடையதை ஏற்காது என்றார்கள்.

பிறகு அவள் என்னிடம் சொல்லாமலே சீனன்குடாவுக்குப் போயிருக்கிறாள். ரஜீவன் வந்து, இரத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

முடிவு சொல்ல டொக்டர் மூன்று பேரையும் கூப்பிட்டார்.

"முழுசாப் பொருந்துது. அம்மாட்டை இருந்தும் அப்பாட்டை இருந்தும் ரெண்டு பேருக்கும் ஒரே பாதி வந்திருக்கு."

"அப்பாட்டை இருந்துமோ?" ரஜீவன் கேட்டான்.

"ஓம். தேப்பன் வேறையெண்டால் இப்பிடிப் பொருந்துறது மெத்தக் குறைவு."

வெளியே வாங்கில் உட்கார்ந்து ரஜீவன் அந்த முடிவுத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு கேட்டான்: "அண்ணா, என்ரை கண் இப்பிடியும் வரலாம் எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"ஏ.எல். படிக்கேக்கை."

தாளை மடியில் கவிழ்த்து வைத்தான்.

"அப்ப அம்மா உயிரோடை இருந்தவா."

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. நிரோஜினி அழுதாள். அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"ஒப்பறேசனுக்கு நாள் எடுங்கோ, வாறன். அம்மா இருந்தால் குடு எண்டுதான் சொல்லியிருப்பா. அதுக்குப் பிறகு என்னோடை கதைக்க வராதேங்கோ."

சொன்னபடியே வந்தான், தந்தான், போனான். எட்டு மாதமாகிறது. அவனுடைய சிறுநீரகம் எனக்குள் பிசகில்லாமல் வேலை செய்கிறது. இரண்டு தரம் சீனன்குடாவுக்குப் போனேன். கதவு திறக்கவில்லை.

போன கிழமை வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. சிவப்பு, நீலம், பாதி. முன்வரிசை வாங்கில் இருந்த ஒரு பிள்ளை வழக்கமான கேள்வியைக் கேட்டது.

"ஒரு தங்கச்சி" என்று வாய் தொடங்கிவிட்டது. நிறுத்தி, "ஒரு தம்பியும்" என்றேன்.

"தம்பி சேரை மாதிரியோ?"

"இல்லை. அவனுக்குப் பூனைக்கண். அம்மாவும் அப்பாவும் ஆளுக்குப் பாதி குடுத்தது."

முப்பது பிள்ளைகளும் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் செத்துப்போனார்கள். மற்றவன் கதவைத் திறக்க மாட்டான்.