மளைக்கு மோட்சம்

தாண்டவராயனுக்கு 'ழ' வராது. செஞ்சிப் பக்கம் பாதிப் பேருக்கு வராது. அதனால் யாருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை. ஆனால் அவர்கள் யாரும் அதற்குக் கோப்பை வாங்கியதில்லை. கல்லூரிப் பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பையைத் தாண்டவராயன் தன் மேசை மேலேயே வைத்திருக்கிறார். "தமிளுக்கு அளகே சிறப்பு ளகரம்தான், எளிலா" என்று வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். எழிலன் தலையாட்டுவான். ஆறு வருடமாக எளிலனாகவே சம்பளம் வாங்கிப் பழகிவிட்டது.

உரக்கடை மாடியில் இருக்கும் அந்தக் கம்பெனிக்கு வேலை, ஆஸ்பத்திரிகளின் பழைய நோயாளிக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. மூன்று ஊர்களில் கிளை, நாற்பது கம்ப்யூட்டர். அத்தனையையும் செஞ்சியில் உட்கார்ந்தபடி ஆட்டிவைப்பது எழிலன். ஒருமுறை எழுதிவைத்த கட்டளைத் தொகுப்பு, ஸ்கிரிப்ட் என்பார்கள், பட்டியலில் கிடக்கும். எந்தக் குழுவுக்கு என்று காட்டிப் பட்டனை அமுக்கினால் போதும், குழுவில் இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் சொன்னதைச் செய்யும். ஏன் எதற்கு என்று கேட்காது. மேலாளர் தாண்டவராயனுக்கு அதில் பிடித்ததே அந்தக் குணம்தான்.

ஸ்கிரிப்டுகளுக்குப் பெயர் சூட்டியதும் அவரே. வைரஸை விரட்டுவது 'காவல் தெய்வம்'. வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கைப் பூட்டுவது 'பிரியாவிடை'. உள்ளே இருப்பதை மீட்கவே முடியாதபடி துடைத்தெடுப்பது 'மோட்சம்'.

அமாவாசைக்கு மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு அவர் படியேறி வந்தார்.

"எளிலா, நேத்து போன்ல சொன்னனே, மோட்சம் ஆச்சா? காயலாங்கடை வண்டி வந்துடும்."

"காயலாங்கடையா? எதுக்கு சார்?"

"இன்னாய்யா தூங்கறியா? அவலூர்பேட்டைல கூரை ஒளுகி நனைஞ்சுதே ஆறு மெஷினு. மளைக்கு மோட்சம் குடுன்னு சொன்னனா இல்லியா?"

எழிலன் குழுப் பட்டியலைத் திறந்தான். நனைந்த ஆறும் திரையில் 'மழை' என்ற குழு. மேல்மலையனூர்க் கிளை 'மலை' என்ற குழு. மலைக் கிளையை மூடப்போவதாக ஒரு மாதமாகவே பேச்சு. நேற்று கோயில் அமாவாசைக் கூட்டத்துக்காக அங்கே விடுமுறை வேறு. போனில் கேட்ட 'மளை'யை மலை என்று எடுத்துக்கொண்டு, நாள் பார்த்து மூடுகிறார்கள் என்று நினைத்து, அவன் மலைக்கே மோட்சம் கொடுத்துவிட்டிருந்தான்.

திரையில் பதினாலு சாம்பல் நிறப் புள்ளிகள். அணைந்து கிடக்கும் கம்ப்யூட்டரைக் கட்டளை ஒன்றும் செய்யாது, வாசலில் காத்திருக்கும். கண் விழித்த கணம் பிடித்துக்கொள்ளும். ஒன்பது மணிக்கு, மலைக் கிளையைப் பார்த்துக்கொள்ளும் பூங்குழலி கதவைத் திறந்து மெயின் சுவிட்சைப் போடுவாள். பதினாலும் தானாக எழுந்துகொள்ளும். பதினாலு பெண்கள் மூன்று வாரமாகத் தட்டியது முழுக்க அவற்றில்தான் இருக்கிறது. அங்கே நெட் மந்தம், செஞ்சிக்கு இன்னும் ஏற்றவில்லை. மூலத்தாள்களோ, மேலாளரின் 'தாளில்லா அலுவலகம்' கொள்கைப்படி, தட்டிய அன்றே தூள்.

பூங்குழலிக்குப் போன் போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. மறுபடி. மணி எட்டு ஐம்பது.

"சார், ரத்து பண்ணணும். உங்க போனுக்கு ஓடிபி வரும், சொல்லுங்க. சீக்கிரம்."

விஷயத்தைக் கேட்டதும் தாண்டவராயன் உட்கார்ந்தார். அவசரம் என்றால் உட்காருவது அவர் வழக்கம். "காரணம்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல இன்னா போட்ட?"

"ஆணை தவறாகச் சொல்லப்பட்டதுன்னு."

"சொல்லப்பட்டதா? எங்கிட்டயா? கோப்பை யார்ட்ட இருக்குது? செவிப்பிளைன்னு போடு. உன் பேரையும் போடு."

போன மாதம் இப்படிப் பெயரைப் போட்டவர் பொன்னுசாமி. மறுநாளே அவருக்குப் பிரியாவிடை கிடைத்தது. பட்டனை அமுக்கியது எழிலன்தான். வேலையா, மலையா என்று அவன் ஒரு நிமிடம் திரையைப் பார்த்தான். மணி எட்டு ஐம்பத்தாறு.

"சரி சார். என் பேரே போடறேன்."

"இங்கிலீஷ் எளுத்துதான் ஏத்துக்கும். ஸ்பெல்லிங் சொல்றேன், தப்பா அடிக்காத. எஸ், ஈ, வி, ஐ... பி, ஐ, எல், ஏ, ஐ."

போன் அடித்தது. பூங்குழலி.

"இன்னா எளிலு, இத்தினி வாட்டி கூப்ட்டுகிற? பஸ்ல நிக்கவே எடமில்ல, அதுல டவர் எங்க இருக்குது? இரு, ஒரே இருட்டு, மெயினப் போட்டுட்டு..."

"அக்கா, போடாத! கைய எடு!"

டக். அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. பதினாலும்.

"எளிலு, எல்லாத்துலயும் இன்னாமோ ஓடுது. மோட்சம்னு போட்டுக்குது. இன்னாடா இது? எங்க வேலையெல்லாம் எங்கடா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் தாண்டவராயன் ஓடிபியைக் கணீரென்று வாசித்தார். எழிலன் அடித்தான். 'கட்டளை நிறைவேறியது. ரத்து செய்ய எதுவும் இல்லை' என்றது திரை. செவிப்பிழையும் எழிலன் பெயரும் மட்டும் பத்திரமாகப் பதிவாயின.

"எந்திரி" என்றார் தாண்டவராயன். அவன் நாற்காலியில் அமர்ந்து, அவரே பட்டியலில் பிரியாவிடையைத் தேர்ந்தெடுத்தார். யாருக்கு என்று கேட்ட இடத்தில் ஒற்றை விரலால் தட்டினார். ஈ, எல், ஐ, எல், ஏ, என்.

கணக்கில் எழிலனுக்கு நடுவே இசட், எச் உண்டு; அந்தப் பெயரில் கம்பெனியில் யாரும் கிடையாது. திரை அதைத்தான் சொன்னது: 'இப்பெயரில் எவரும் இல்லை. அனைவருக்கும் செயல்படுத்தவா?' கீழே ஆம், இல்லை.

திரை கேட்கும் கேள்வியைத் தாண்டவராயன் இதுவரை படித்ததில்லை.

"சார், அதக் கொஞ்சம் படிச்சுட்டு..."

"பேசாத. உனக்குக் காது கேக்காதுன்னு எளுதியே குடுத்துட்ட."

மவுஸைப் பிடுங்கியிருக்கலாம். கை எட்டும் தூரம்தான். போனில் பூங்குழலி இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். ஆறு வருடத்தில் முதல்முறையாக எழிலனுக்கு நிஜமாகவே காது கேட்கவில்லை.

ஆம்.

செஞ்சியில் ஒரு வரிசை இருண்டது. அடுத்த வரிசை. மேசைக் கோப்பைக்குப் பக்கத்தில் தாண்டவராயனின் மடிக்கணினி தானாக விழித்து, பெரிய எழுத்தில் ஒரு வரி காட்டியது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கல்லூரிக் குரலில் அதை வாசித்தார்.

"இதுவரை தாங்கள் தந்த உளைப்புக்கு நன்றி."