சம்மனசு இறங்கவில்லை

ஐம்பத்தாறாம் வருடம் பிரேசர் டவுன் கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வானத்திலிருந்து இறங்கும் சம்மனசு, அதாவது தேவதூதர் வேடம் எனக்குக் கிடைத்தது. காரணம் என் குரல். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்கப் பேசிப் பழகிய குரல். உடம்பைப் பற்றி நான் சொல்ல வேண்டாம், மௌரீன் சொல்லுவாள். அதுவரை நான்கு வருடம் சம்மனசாக இறங்கியவள் அவள்தான்.

"பிரிஜெட்டத் தொங்கவிட்டா உத்தரம் தாங்குமா? சும்னே எதுக்கு வம்பு?" என்று ஒத்திகையில் எல்லார் முன்னாலும் கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாடகம் போடும் ஓஸ்வால்ட் மாஸ்டரும் தலையைச் சொறிந்தார்.

கப்பி கட்ட வந்திருந்த லேத் பட்டறை ரெமிஜியஸ்தான் குறுக்கே பேசினார். "உத்தரம் தேக்கு மாஸ்டர், தாங்கும். இறங்குறதுக்கு ஆளோட கனம் கணக்கில்ல. கயித்தோட ரெண்டு முனைக்கும் என்ன வித்தியாசம், அதான் கணக்கு."

விறகு டிப்போ தராசில் என்னை இறக்கையோடு நிறுத்தார். நூற்று அறுபத்தைந்து ராத்தல். அதை அவர் சத்தமாகப் படிக்கவில்லை, புண்ணியவான். கயிற்றின் மறுமுனையில் கோயிலின் பிடியரிசிப் பெட்டியைக் கட்டி, அரிசியோடு நூற்று அறுபதுக்குச் சரிபண்ணினார்.

"அஞ்சு ராத்தல்தான் உங்கள இழுக்கும். ஆனா அது மொத்தம் முன்னூத்தி இருபத்தஞ்சு ராத்தல நகர்த்தணும். அதனால மெள்ளத்தான் வருவீங்க."

சனிக்கிழமை ஒத்திகையில் அப்படியேதான் இறங்கினேன்.

ஞாயிறு சாயங்காலம் மண்டபம் நிரம்பி வழிந்தது. ஏணியில் ஏறி, மேல் பலகையிலிருந்து காலை எடுத்தேன். இறங்கவில்லை. கீழே இடையர்கள் அண்ணாந்து பார்க்க, நான் அந்தரத்தில் தொங்கினேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போச்சு, என் கனத்தில் கப்பி சிக்கிவிட்டது என்றுதானே நினைப்பார்கள்! மானம் கப்பலேறியது.

ரெமிஜியஸ் திரைக்குப் பின்னால் ஓடினார். தரையைவிட்டு எழும்பாமல் உட்கார்ந்திருந்த பெட்டி தளும்ப அரிசி. உலையில் போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்து, ஞாயிறுதோறும் ஏழைகளுக்காகப் பெட்டியில் கொட்டுவது எங்கள் பங்குப் பெண்களின் வழக்கம். நாடகம் பார்க்கப் பின்வாசல் வழியாக வந்த அத்தனை பேரும் கயிற்றைக் கண்டுகொள்ளாமல் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"பிரிஜெட், உங்க மேல தப்பே இல்ல!" என்று அவர் கத்தினார். "பெட்டிதான் கனம்! நீங்க அதவிடப் பத்துப் பதினஞ்சு ராத்தல் லேசு!"

பிறந்ததிலிருந்து என்னை லேசு என்று யாரும் சொன்னதில்லை. எனக்கு நன்றாகத்தான் கேட்டது. ஆனாலும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மௌரீனைப் பார்த்துக்கொண்டே, எக்ஸ்சேஞ்ச் குரலில், "லைன் சரியா கேக்கல, இன்னொரு தரம் சொல்லுங்க" என்றேன்.

அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். பிறகு படியால் அரிசியை அள்ளி அள்ளி வெளியே கொட்டினார். நான் அவசரமே படாமல் இறங்கி வந்தேன்.