உட்காரத் தெரியாத உடைகள்

ட்ரையல் அறையில் நாற்காலிகள் நிறைய இருந்தன. அவற்றில் உடைகள் உட்காரும். உடுத்துகிற பெண்கள் நிற்பார்கள். உட்கார்ந்தால் துணி கசங்கும் என்பது அந்த ஃபேஷன் நிறுவனத்தை நடத்திய மேடத்தின் சட்டம்.

ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள் ஒட்டடைக்குச்சி. பெயர் வைத்தவர் தையல் மாஸ்டர். முதல்முறை அளவெடுத்த அன்று, "ஒட்டடைக்குச்சிக்குச் சட்டை மாட்டின மாதிரியில்ல இருக்கு!" என்றார். எல்லோரும் சிரிக்க அவளும் சிரித்தாள். மாடல்களுக்கு நடுவே அது பாராட்டு.

இப்போது அந்தப் பெயர் அவளுக்கு ஒட்டவில்லை. போன ஷோவுக்கு முன்பு, பட்டினியோடு விளக்குகளின் கீழே நின்றவள் அப்படியே மயங்கி விழுந்தாள். வயதுக்கு மீறி எலும்பு தேய்ந்திருக்கிறது என்றார் டாக்டர். மாதவிலக்கு எப்போது நின்றது என்று கேட்டதற்கு அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதன்பிறகு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து அவளைச் சாப்பிட வைத்தாள். கொட்டிய முடி மெல்ல முளைத்தது. இன்றுதான் மறுபடி வேலைக்கு வந்திருக்கிறாள்.

காலையில் சாப்பாட்டு டப்பாவை நீட்டும்போது அண்ணி கேட்டாள்.

"இன்னைக்கு ட்ரையலா?"

"ஆமா அண்ணி."

"அப்ப டப்பா போன மாதிரியே திரும்பி வரும்."

"வராது."

"போன வருஷமும் இதே வாய்தான் சொல்லுச்சு." அண்ணி சிரித்தாள். ஆனால் டப்பாவிலிருந்து கையை உடனே எடுக்கவில்லை.

மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து, கடைசி வாய்வரை சாப்பிட்டுவிட்டுத்தான் ட்ரையலுக்கு வந்திருந்தாள்.

மாஸ்டர் உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடி அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். "ம், மூச்ச இழு."

எப்போதும் அப்படித்தான். பெண் மூச்சை இழுத்து வயிற்றை ஒட்டவைப்பாள். அந்த நொடியில் மாஸ்டர் ஊசி குத்துவார். அந்த நொடியின் உடம்புக்குத்தான் உடை தைக்கப்படும். மேடையில் ஒருமுறை நடந்து திரும்புகிறவரை மேலோட்டமாக மூச்சு விட்டுச் சமாளித்துவிடலாம்.

"இழும்மா."

"இழுக்கல மாஸ்டர். சாப்பிட்டிருக்கேன்."

மாஸ்டர் வாயிலிருந்து ஊசிகளை எடுத்தார். "ஜிப்பு பாதியில நிக்குது. மேடம் என்னைத்தான் வறுத்தெடுப்பாங்க."

"தையலப் பிரிச்சு விடுங்களேன். உள்ள துணி இருக்குல்ல?"

"துணி இருக்கு. தைரியம்தான் இல்ல."

பக்கத்தில் நின்ற மாடல், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் தோழி, காதருகே குனிந்தாள். "லூசா நீ? ஒரு நிமிஷம் இழுத்துக்க, முடிஞ்சுரும்."

வயிறு பழக்கத்தில் தானாகவே உள்ளே போகத் தொடங்கியிருந்தது. அதன்மேல் கையை வைத்து மூச்சை விட்டாள்.

மேடம் வந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ஜிப்பைப் பார்த்தார்.

"போன தடவ இந்த அளவு சரியா இருந்துச்சே?"

"போன தடவ நான் சரியா இல்ல மேடம்."

"ஷோவுக்கு ரெண்டு வாரம் இருக்கு. குறைச்சுரலாம்ல?"

அவளுக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். பிடித்த வேலையும்கூட.

"குறைக்க மாட்டேன் மேடம். டாக்டர் வேணாம்னு சொல்லிட்டாங்க. எனக்கும் வேணாம்."

மேடம் கத்தவில்லை. "சரி, ஒத்திகைக்கு இவளுக்கு மட்டும் பிரிச்சு விடுங்க மாஸ்டர். முடியட்டும், பேசலாம்."

அந்தக் கட்டடத்தில் 'பேசலாம்' என்றால் வேலை போகும் என்று எல்லோருக்கும் தெரியும். நெட்டை அவள் விரலைப் பிடித்து அழுத்தினாள்.

இந்த முறை ஷோவில் நடை கிடையாது. அது மேடத்தின் புது யோசனை. ஒரு வாசிப்பறையைப் போல நீளமான மேசை போட்டு, மாடல்கள் ஒரு மணி நேரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் சுற்றி நடப்பார்கள். அரங்கம் அமைத்தாயிற்று, அழைப்பு போயாயிற்று. உடைகள் உட்காருமா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

தையல் பிரித்து முடிந்ததும் எல்லோரும் ஒத்திகைக்கு அரங்கத்து மேசைக்குப் போனார்கள். "உக்காருங்க," என்றார் மேடம்.

நெட்டை பாதி குனிந்தாள். மறுபடி நிமிர்ந்துவிட்டாள். இன்னொருத்தி நாற்காலி விளிம்பில் பலகையைச் சாய்த்தது போல ஒட்டிக்கொண்டாள். எங்கோ டப் என்று தெறித்த பட்டன் மேசைக்கு அடியில் உருண்டு போனது.

"மேடம், உக்காந்தா மூச்சு முட்டுது," என்றாள் நெட்டை.

"எனக்கு எந்திரிக்கவே முடியல," என்று கடைசியிலிருந்து ஒரு குரல். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

ஒட்டடைக்குச்சி மட்டும் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால்மேல் கால். மடியில் புத்தகம். மாஸ்டர் அவசரத்தில் போட்ட பெரிய தையல்கள் இடுப்போரத்தில் தெரிந்தன. துணி அவள் மூச்சோடு ஏறி இறங்கியது.

மேடம் மேசையைச் சுற்றி வந்தார். அவர் எப்போதும் தொளதொள சட்டைதான் போடுவார். காலியாகக் கிடந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்தார். கடைசியில் பார்வை ஒட்டடைக்குச்சியின் முகத்தில் நின்றது.

"மாஸ்டர், எல்லாத்தையும் பிரிங்க. ஒவ்வொருத்தரையும் உக்கார வச்சு அளவெடுங்க."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா மேடம்?" மாஸ்டர் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டார்.

மேடம் முறைத்தார். "பின்னாடி." பிறகு, "இந்த ஷோவுக்கு மட்டும்தான்," என்று சேர்த்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பினார். "நீ நடு நாற்காலியில உக்காரு."

ட்ரையல் அறையில் நாற்காலிகளிலிருந்த உடைகள் ஆணிக்குப் போயின. பெண்கள் உட்கார்ந்தார்கள். யாரோ ஒருத்தி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாள்.

மாஸ்டர் நெட்டையின் இடுப்பில் டேப்பைச் சுற்றினார். அவள் வயிறு டக்கென்று உள்ளே போனது.

"மூச்ச விடும்மா."

"விட்டுட்டேனே."

"எங்க விட்ட? டேப்பு தொங்குது."

"விடத் தெரியல மாஸ்டர்," என்று சிரித்தாள் நெட்டை. சிரித்த கண்களில் நீர் கோத்திருந்தது.

ஒட்டடைக்குச்சி எழுந்து வந்து அவள் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். "இங்கதான். என் கையத் தள்ளு, பாப்போம்."

நெட்டை தள்ளினாள்.