ஜெனிஃபா போட்ட மார்க்குகள்

1

இந்தக் கதை எனக்கு ஆம்பூரில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் கிடைத்தது. பிரியாணிக்குக் காத்திருந்த நேரத்தில், மேடை ஓரம் லேப்டாப்போடு நின்ற டிஜே பெண்ணிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். "பாட்டு யார் வேணா வச்சிக்கலாம் சார். எங்க ஆரம்பிக்கணும், எங்க வெட்டணும், அதான் வேல" என்றார். அவ்வளவுதான் நிஜம். பெயர்கூடக் கேட்கவில்லை. ஜெனிஃபா என்று நானே வைத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "ஷூ கம்பெனியில் சங்கு ஊதியதும் ஜெனிஃபா..."

(வேண்டாம். ஆம்பூர் என்றாலே சங்கும் தோல் வாடையுமாக ஆரம்பிப்பது எனக்கே அலுத்துவிட்டது.)

இரண்டாவது தொடக்கம்: வேலூரில் தில்ஷாத் பாயின் கம்ப்யூட்டர் கடை. ஜெனிஃபாவும் அவள் தம்பி நத்தானியேலும் வந்திருக்கிறார்கள். பகலில் அவளுக்கு ஷூ கம்பெனி ஆபீசில் வேலை, சாயங்காலமானால் டிஜே. ஸ்பீக்கரையும் டெம்போவையும் தம்பி பார்த்துக்கொள்வான். பாட்டெல்லாம் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் வண்டிக் குலுக்கலில் கரகரக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிரேம்நாத், திருப்பத்தூரில் வாத்தியார்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

தில்ஷாத் பாய் பொறுமைசாலி. சுழலும் டிஸ்க்கே வேண்டாம், எஸ்எஸ்டி டிரைவ் வாங்குங்கள், எத்தனை குலுங்கினாலும் தாங்கும் என்றார். அதில் யாருக்கும் தகராறு இல்லை. சாஃப்ட்வேர் பேச்சு வந்தபோதுதான் ஜெனிஃபா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் இரண்டைக் காட்டினார். ஒன்று, போட்ட மார்க்கையெல்லாம் லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்ளும். இன்னொன்று, பாட்டு இருக்கிற டிரைவிலேயே எழுதிவிடும். அதே சாஃப்ட்வேர் உள்ள எந்த லேப்டாப்பில் டிரைவைச் செருகினாலும் மார்க்கும் கூடவே வந்துவிடும்.

(மார்க் என்பது பாட்டுக்குள் அவள் குறித்துவைக்கும் இடம். தொட்டால் பாட்டு அங்கிருந்து எழும்பும். ரிசப்ஷனில் பாஸ்டர் ஜெபம் பண்ணி, சாப்பிட்டுக் கிளம்பும்வரை கீர்த்தனைதான். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் குத்துப்பாட்டு. கிளம்பியவர் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தால் சட்டென்று கீர்த்தனைக்குத் திரும்பவும் அவளிடம் மார்க் உண்டு. எல்லாம் பல வருஷக் காது வேலை.)

கல்யாணத்துக்கு அப்புறம் லேப்டாப் வீட்டில், தம்பியிடம் இருக்கும். அதை யாரும் பேசி முடிவு பண்ணவில்லை. அப்படித்தான் என்று ஆகிவிட்டது. முதல் சாஃப்ட்வேரை வாங்கினால் அவள் மட்டும் திருப்பத்தூர் போவாள், அந்தக் காது வேலையெல்லாம் ஆம்பூரில் தங்கிவிடும். இரண்டாவது சாஃப்ட்வேரும் இரண்டு டிரைவும் என்றால், ஒன்று அவளோடு போகும். கல்யாணத்துக்குப் பிறகும் டிஜே பண்ண வேண்டும் என்பது அவள் ஆசை. யாரிடமும் சொன்னதில்லை.

4

நத்தானியேல் விஷயத்தில் எனக்கு ஒரு குழப்பம். "விலையைக் கேட்டதும் நத்தானியேல் முகத்தைச் சுளித்து..." என்று எழுதி அடித்துவிட்டேன். அவன் கஞ்சன் இல்லை. அக்கா இனியும் டிஜே பண்ணுவாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபம்.

மார்க் டிரைவிலேயே இருப்பதுதான் நல்லது, லேப்டாப் மாற்றினாலும் பேஜார் இல்லை என்றான். டிரைவ் ஒன்று போதும் என்றும் சொன்னான்.

"அது செத்துப்போச்சுன்னா?" என்றாள் ஜெனிஃபா.

"உன்ன கூப்ட்டு கேட்டுக்கறேன்க்கா. நீ இன்னா துபாய்க்கா போற? தோ இருக்குது திருப்பத்தூர்."

அன்பாகத்தான் சொன்னான். அவளுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிரேம்நாத்திடம் அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் தாராளமாகப் பண்ணு என்றே சொல்லலாம். ஆனால் அப்புறம் அது அவர் கொடுத்த அனுமதியாகிவிடும். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

5

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

அ) மறுநாள் தனியாக வந்து இன்னொரு டிரைவ் வாங்கி, புடவைகளுக்கு நடுவே ஒளித்து எடுத்துப்போகிறாள். (தன் பொருளைத் தானே திருடவா இவளை இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன்?)

ஆ) நத்தானியேல் கல்யாணப் பரிசாக இரண்டாவது டிரைவைத் தருகிறான். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்தது. அவள் உழைப்பை அவளுக்கே பரிசாகக் கொடுக்க இவன் யார்?

இ) ஒன்றே வாங்குகிறார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் திருப்பத்தூரில் ஒரு ரிசப்ஷன். கணவனோடு விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறாள். பாஸ்டர் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே அங்கத்து டிஜே குத்துப்பாட்டைப் போட்டுவிடுகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவள் விரல் மட்டும் மேஜை விரிப்பை ஒரு தரம் அழுத்துகிறது.

இதுதான் நடக்கக்கூடியது. எனக்குத்தான் தாங்கவில்லை.

6

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் எழுதிய எல்லாப் படிகளிலும், எத்தனை டிரைவ் என்று தில்ஷாத் பாய் நத்தானியேலைப் பார்த்துத்தான் கேட்கிறார். அவனும் பதில் சொல்லிவிடுகிறான். பாயைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்வையை அந்தப் பக்கம் திருப்பி வைத்தது நான்.

திருத்தினேன். நத்தானியேலை டீ குடிக்க அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அவனும் இருக்கட்டும், கேட்கட்டும். தில்ஷாத் பாய் ஜெனிஃபாவைப் பார்த்தார்.

"சொல்லும்மா. ஒன்னா, ரெண்டா?"

நத்தானியேல் வாயைத் திறந்தான். ஜெனிஃபா அவன் முழங்கையில் கை வைத்தாள். அவன் மூடிக்கொண்டான்.

"பாய், எனக்கு..." என்று ஆரம்பித்தாள்.

இதற்குமேல் எழுதினால், தம்பி, மாப்பிள்ளை, கடைக்காரர் வரிசையில் அவளுக்குப் பதில் சொல்ல வந்த நாலாவது ஆளாகிவிடுவேன். மிச்சத்தை நீங்கள் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த வரியில் அவளுக்கு நான் 'எங்களுக்கு' என்றுதான் எழுதிவைத்திருந்தேன். அவள்தான் மாற்றிச் சொன்னாள்.