சுவரின் கன்னம்

பெனசார் ஊர்க் கோயிலின் வாசல் ஓர் ஆள் உயரத்தைவிடச் சற்றே கூடுதல். மாதாவின் சப்பரமோ அதைவிட உயரம். ஆகையால் ஆகஸ்டுத் திருவிழாவன்று சப்பரத்தைத் தோளில் சுமப்பவர்கள், வாசலை நெருங்கியதும் அத்தனை பாரத்தோடும் முழங்காலில் இறங்கி, அங்குலம் அங்குலமாக நகர்ந்துதான் வெளியே வரவேண்டும். திரும்பி உள்ளே போகும்போதும் அப்படியே. மூர்கள் எனப்பட்ட முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் கட்டப்பட்ட வாசல் அது. குதிரை லாடத்தைப் போல உள்வளைந்த அந்தக் கல்வளைவின் தோளின்மேல்தான் மணிக்கூண்டு நிற்கிறது. பாங்கு சொல்வதற்கென்று எழுப்பப்பட்ட கோபுரம் அது. வளைவில் ஒரு கல்லை அசைத்தாலும் கூண்டு முழுவதும் சப்பரத்தின்மேல் வந்து உட்காரும் என்பது அந்த அந்தலூசிய மலையூரில் ஆடு மேய்ப்பவர்களுக்கும் தெரியும்.

சென்ற ஆண்டு, சப்பரம் திரும்பி வந்த மாலையில், சுமந்தவர்களில் ஒருவனான பெர்மினின் முழங்கால் வாசற்படிக் கல்லின் விளிம்பில் மாட்டி நொறுங்கியது. மேலே மாதா இருந்ததால் அவன் கத்தவில்லை. சப்பரம் உள்ளே போய்ச் சேர்ந்த பிறகே மயங்கிச் சரிந்தான். அவனுடைய அண்ணன் லியாந்த்ரோ ஊர்க் கொத்தனார். சப்பரத்தின் முன்னே நின்று சுமப்பவர்களை வழிநடத்துபவரும் அவர்தாம். தம்பியைத் தூக்கிச் சென்ற பின்னர் அவர் மாதாவின் காலடியில் நின்று, அடுத்த திருவிழாவுக்கு உன் பிள்ளைகளை நிமிர்ந்து நடக்க வைக்கிறேன் என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டார். கோயில் நிறைய ஆட்கள் இருந்தார்கள். மனத்துக்குள் வேண்டியிருந்தால் மாதாவோடு எப்படியாவது சமாதானம் செய்துகொண்டிருக்கலாம், ஊரோடு முடியாது.

பழைய வாசலைத் தொட முடியாது என்றால் புதிய வாசல் ஒன்று வேண்டும். அதற்கேற்ற இடத்தையும் அவர் பார்த்து வைத்திருந்தார். பழைய வாசலுக்கு நேர் எதிரே, தென்கிழக்குச் சுவரின் நடுவில், ஒரு பெரிய புடைப்பு உண்டு. பெண்கள் அதனைக் கன்னம் என்பார்கள். எந்தக் காலத்திலோ ஒரு குடிகாரக் கொத்தன் சுவரில் ஓட்டை விட்டு, பின்பு கல்லும் குப்பையும் போட்டு அடைத்து மறைத்த இடம் அது என்பது லியாந்த்ரோவின் முடிவு. தட்டினால் பூசணிக்காயைப் போல மந்தமாக ஒலிக்கும். அவருடைய தந்தையும் அவ்வாறே சொன்னார். அவருக்கு முந்திய கொத்தர்களும் அவ்வாறே சொன்னார்களாம். தொழிலறிந்தவர் கண்ணில் அது சுவரே அன்று, சுவரின் அவமானம்.

ஆனால் கன்னம் பெண்களுடையது. ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன்பு கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிப்பவர்கள் அவர்கள்தாம். மற்றச் சுவர்களுக்கெல்லாம் நீண்ட கழியில் கட்டிய மட்டை போதும். கன்னத்துக்கு மட்டும் வேறு முறை. ஆட்டுப்பாலில் பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரில் ஆற்றுக் களிமண்ணைக் குழைத்து முதலில் பூச வேண்டும். அது காய்ந்த பின்னரே சுண்ணாம்பு. கருவி எதுவும் படக்கூடாது. பழைய துணியைச் சுற்றிய உள்ளங்கையால், வலது மேற்புறத்தில் தொடங்கி இடது கீழ்ப்புறம் வரைக்கும் ஒரே இழுப்பாகக் கொண்டுவந்து, முடிவில் மணிக்கட்டைச் சற்றே திருப்பி எடுக்க வேண்டும். ஏணி சாத்தக்கூடாது, ஆணி அடிக்கவே கூடாது. அடித்தவனுக்கு ஓராண்டுக் காலம் பல்வலி வரும். ஏன் என்று கேட்டால், மாதா எகிப்துக்குத் தப்பி ஓடியபோது களைத்துப்போய் அங்கேதான் கன்னத்தைச் சாய்த்தாள் என்பார்கள்.

எகிப்துக்குப் போகிறவள் இந்த ஊருக்கு எதற்கு வந்தாள் என்று லியாந்த்ரோ ஒருமுறை கேட்டுவிட்டார். "அவ புருசன் சூசையப்பரும் உன்னை மாதிரிதான். வழி தெரியாட்டாலும் யாரையும் கேக்க மாட்டாரு," என்றாள் கசில்தா. அவள் அவருடைய மனைவி. சுண்ணாம்பு அடிக்கும் பெண்களுக்குத் தலைவி.

புதிய வாசலுக்குக் கோயிலின் பங்குக் குரு ஒனோரியோ சாமியார் ஒப்புதல் தந்துவிட்டார். நல்லவர், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். பக்கத்துப் பள்ளத்தாக்கு ஊரில் மூர்களின் குளியல் மண்டபத்தை இடித்துவிட்டுப் பேருந்து நிலையம் கட்டியிருக்கிறார்கள். அங்கே பேருந்து எப்போதாவது வருகிறது. இடிக்க விரும்பியவனுக்குக் காரணம் கிடைக்காமற்போனதாக உலக வரலாற்றில் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் லியாந்த்ரோவின் காரணம் அத்தகையது அன்று. அது ஊன்றுகோலோடு நாள்தோறும் அவர் வீட்டு முற்றத்தைக் கடந்து போயிற்று.

இரவு உணவின்போது அவர் செய்தியைச் சொன்னார். கசில்தா ரொட்டியை அறுத்துக்கொண்டே கேட்டாள்.

"சாமியாரு சரின்னுட்டாரா? அவரு ஒருநாளாவது சுண்ணாம்பு அடிச்சிருக்காரா?"

"பல்லு வலிக்கும்னு பயந்துக்கிட்டு இன்னும் எத்தனை பேரு காலை உடைச்சுக்கணும்? நீயே சொல்லு."

பெர்மினின் முழங்காலுக்குக் கட்டுப்போட்டவளும் அவள்தான். ரொட்டி முழுவதையும் அறுத்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"உடைக்கிறதா இருந்தா உடை. நான் இல்லாத நேரம் பார்த்துத் திருடன் மாதிரி உடைக்காதே. நான் பார்க்கணும்."

அவ்வாறே, வெயில் தாழ்ந்த ஒரு பிற்பகலில், அவள் மடியில் அவரைக்காய்க் கூடையை வைத்துக்கொண்டு கோயிலின் முதல் விசுப்பலகையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பெர்மின், காலை நீட்டியபடி. சாமியார் தலைவலி என்று சொல்லி அறைக்குள்ளேயே இருந்துவிட்டார். லியாந்த்ரோ சிலுவைக்குறி இட்டுக்கொண்டு, கன்னத்தின் நடுவில் உளியை வைத்து அடித்தார்.

சுண்ணாம்பு பெயர்ந்தது. அதன் கீழே களிமண், அதன் கீழே மறுபடியும் சுண்ணாம்பு, மறுபடியும் களிமண். வெங்காயத்தின் தோலைப் போல அடுக்கடுக்காக இருந்தது. குப்பை அடைப்பு இப்படி இராதே என்று அவர் உளியைச் சாய்த்து நெம்பினார். தட்டளவு துண்டு ஒன்று முழுதாகக் கையோடு வந்தது. பக்கத்துச் சாளரத்தின் வெளிச்சத்தில் அதனைப் பிடித்துப் பார்த்தார்.

ஒரு சுவரில் கரண்டி ஓடிய தடத்தைப் பார்த்தே அதனைப் பூசியவன் பெயரைச் சொல்லக்கூடியவர் லியாந்த்ரோ. களிமண்ணின்மேல் உள்ளங்கையின் தடம் இருந்தது. வலது மேற்புறத்திலிருந்து இடது கீழ்ப்புறம்; முடிவில் மணிக்கட்டின் சிறு திருப்பம். கசில்தாவின் கை. திருமணமான நாள்முதலாக அவர் பார்த்துக் கேலி செய்த அதே இழுப்பு. அடுத்த அடுக்கைப் பெயர்த்தார், அதே இழுப்பு. அதற்கும் கீழே, அதற்கும் கீழே. கை மாறிற்று: சிறிய கை, தடித்த கை, ஒரு விரல் இல்லாத கை. இழுப்பு மட்டும் மாறவில்லை. சுற்றிய துணியின் இழைகள்கூடச் சில இடங்களில் அழியாமல் பதிந்திருந்தன.

"கசில்தா, இங்கே கொஞ்சம் வா."

அவள் வந்து பார்த்தாள். ஓர் அடுக்கில் கோணலான சுண்டுவிரலின் தடத்தைக் கண்டதும் தன் சுண்டுவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். "இது எங்க அம்மா," என்றாள்.

அதன்பின் லியாந்த்ரோ சுத்தியலைத் தொடவில்லை. மெல்லிய கரண்டியால் விளிம்புகளை மட்டும் விடுவித்தார். எல்லாவற்றுக்கும் கீழே இருந்த களிமண் அடுக்கு மற்றவற்றைப் போல மெல்லியது அன்று; ஒரு சாண் கனம், நடுவே வைக்கோல் கலந்தது. கரண்டி உள்ளே நுழைந்ததும் அந்தப் பாளம், யாரோ உள்ளிருந்து மெல்லத் தள்ளியதைப் போல, முன்னோக்கிச் சாய்ந்தது. கணவனும் மனைவியும் இருபுறமும் தாங்கி, உறங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல அதனைத் தரையில் கிடத்தினார்கள். பின்பு நிமிர்ந்தார்கள்.

சுவருக்குள் ஒரு மாடம் இருந்தது. ஒரு மனிதன் நின்று தொழும் அளவு. தொழுகையின் திசையைக் காட்டுவதற்காகப் பள்ளிவாசலைக் கட்டியவர்கள் அமைத்த மாடம். அதன் கூரை விரிந்த சிப்பியைப் போல வரிவரியாகக் குவிந்திருந்தது. சுற்றிலும் சுதையில் செதுக்கிய கொடிகள். ஒவ்வோர் இலைக்கும் நரம்பு, நரம்பின் ஓரத்தில் ஊசிமுனைக் குழி. இலைகளுக்கு இடையே நீலமும் செங்காவியும், நேற்றுத் தூரிகையை எடுத்தாற்போல இருந்தன. வளைவைச் சுற்றி எழுத்துகள் ஓடின. நின்று, சாய்ந்து, ஒன்றின் தோளில் மற்றொன்று கையைப் போட்டுக்கொண்டு நடப்பவைபோல ஓடின. ஓர் இலைகூட உடையவில்லை. தரையில் கிடந்த களிமண் பாளத்தின் உட்புறத்தில் அதே கொடிகளும் எழுத்துகளும் தலைகீழ் அச்சாகப் பதிந்து கிடந்தன.

அந்த நேரத்தில் வெயில் வாசலுக்கு வந்தது. கோடையில் கதிரவன் இறங்கும் மலைச்சரிவுக்கு நேராக அந்தப் பழைய வாசல் நிற்கிறது. லாட வளைவுக்குள் புகுந்த ஒளி தரையின் குறுக்கே நீண்டு, விசுப்பலகைகளைத் தாண்டி, எதிர்ச் சுவரில் ஏறி, மாடத்துக்குள் போய் நின்றது. அந்த வெளிச்சம் அங்கே போய் எத்தனை நூற்றாண்டுகள் ஆயினவோ. வழியை மறக்காமல் போயிற்று. கசில்தாவின் கூடை கவிழ்ந்து அவரைக்காய்கள் சிதறிக் கிடந்ததை மூவரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

லியாந்த்ரோவுக்கு மெல்ல மெல்ல விளங்கிற்று. இது குடிகாரன் அடைத்த ஓட்டை அன்று. பள்ளிவாசல் கோயிலானபோது, இதனைச் செதுக்கி எறி என்று எவனோ ஆணையிட்டிருக்கிறான். எறிந்துவிட்டேன் என்று எவனோ ஒரு கொத்தன் பொய் சொல்லியிருக்கிறான். சுண்ணாம்பை நேராகப் பூசினால் சுதையோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை அறிந்து, இடையில் ஒட்டாத களிமண்ணை வைத்து மூடியிருக்கிறான். அடுத்த தலைமுறை தட்டிப் பார்க்காமல் இருப்பதற்காகப் பல்வலியைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். காவல் நிற்பது எதற்காக என்பதை எல்லோரும் மறந்த பிறகும், மூர்களின் வழிவந்தவர்களோ, வடக்கிலிருந்து வந்து குடியேறிய கிறித்தவர்களோ, பெண்கள் மட்டும் ஆண்டுக்கொரு போர்வை போர்த்தி வந்திருக்கிறார்கள். அந்த ஆயிரம் உள்ளங்கைகளுக்கு நடுவில் உளியோடு வந்தவர் அவர் ஒருவர்தாம்.

செய்தி பரவி ஊர் வந்து நிறைந்தது. கதவருகிலேயே தொப்பியைக் கழற்றியவர்கள் சிலர். சந்தை இரைச்சலோடு வந்து, உள்ளே நுழைந்ததும் நுனிக்காலில் நடந்தவர்கள் பலர். ஒனோரியோ சாமியாரும் வந்து நெடுநேரம் நின்றார். கோயிலுக்குள் மூர்களின் எழுத்து இருக்கலாமா, அது என்ன சொல்கிறதென்றே தெரியவில்லையே என்று ஒருவர் முணுமுணுத்தார்.

"படிக்கத் தெரியாட்டா என்ன? நல்ல வார்த்தையாத்தான் இருக்கும்," என்றாள் கசில்தா. "கெட்ட வார்த்தையை யாராச்சும் இவ்வளவு அழகா எழுதுவாங்களா?"

சாமியார் தலையசைத்தார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் ஒருவருக்கு இல்லை என்று, இனி உடைக்காதே என்று, சொல்ல முயன்று, லியாந்த்ரோவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் நின்றார்.

ஏனெனில் வேண்டுதல் அப்படியே இருந்தது. மாடத்தின் பின்புறத்தில் எஞ்சியிருந்தது மிக மெல்லிய கல்வரிசை. ஒரு நாள் வேலை, வாசல் திறந்துவிடும். அந்தச் சுவரின் மற்ற இடங்களிலும் பக்கச் சுவர்களிலும் மலைப்பாறை வெளியே முட்டிக்கொண்டு நின்றது. வேறு வழி கிடையாது. அவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். பெர்மின் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி மாடத்தின் அருகே வந்து, இலையொன்றைத் தொடப்போய், தொடாமல் விரலை இழுத்துக்கொண்டான்.

"அண்ணே, என் முட்டி போனது போனதுதான். இதையும் போக்கிட்டா அது திரும்ப வந்துடுமா?"

"மாதாகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்டா."

"அந்த வாக்கை நான் பேசிக்கிறேன்," என்றாள் கசில்தா. "அவளும் பொம்பளை. இத்தனை வருசமா போர்த்தி வச்சதை உடைக்கச் சொல்ல மாட்டா."

லியாந்த்ரோ உளியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

திருவிழா வந்தது. பெண்கள் வழக்கம்போலச் சுண்ணாம்பு அடித்தார்கள். மாடத்தின் விளிம்பை மட்டும் உள்ளங்கையால், அதே இழுப்பில். மழைக்காலத்தில் ஈரம் ஏறாதிருக்க மறைப்பதற்கென்று கெட்டித்துணித் திரை ஒன்றையும் தைத்து வைத்தார்கள். தம்பியின் இடம் வெறுமையாக இருந்ததால், அந்த ஆண்டு லியாந்த்ரோ சப்பரத்தின் முன்னே நிற்கவில்லை. அடியில் புகுந்து தோள் கொடுத்தார். முன்னே நின்று ஊன்றுகோலால் தரையைத் தட்டி வழிநடத்தியவன் பெர்மின். "மெதுவா, பெருசு. வயசானவங்க யாரோ உள்ளே இருக்காங்க போல," என்று அவன் வாசலில் கேலி செய்ததும் எல்லோரும் சிரித்தார்கள்.

ஊர் சுற்றித் திரும்பியபோது மாலை. வாசலில் அவர் முழங்காலில் இறங்கினார். கல் எலும்புவரை சுட்டது. தலையை நிமிர்த்தி எதிரே பார்த்தார். பார்த்தவர் நகர மறந்தார். நின்று பார்த்தபோதெல்லாம் மாடத்தின் முன்வளைவு சிப்பிக் கூரையின் பாதியை மறைத்துவிடும். இப்போது, முழங்காலில் இருந்த அவருடைய கண்ணின் உயரத்துக்கு, வளைவு விலகிக் கொடுத்தது. சிப்பி முழுவதும் தெரிந்தது. அதன் வரிகள் அனைத்தும் ஒரு புள்ளியில் சென்று கூடின. முதுகுக்குப் பின்னிருந்து வந்த கடைசி வெயில் அந்தப் புள்ளியில் தங்கியிருந்தது. தரையில் பணிந்திருப்பவனின் கண்ணை அளவெடுத்துக்கொண்டு அதனைச் செய்திருக்கிறார்கள். பெயர் தெரியாத அந்தக் கொத்தனை, தொழில் அறிந்த ஒருவன் இன்னொருவனைப் பார்ப்பதுபோல, அவர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நகரு. மாதா காத்திருக்கா," என்றான் பெர்மின்.

அவர் நகர்ந்தார். கீழ்க் கடைவாய்ப்பல் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. அவர் கன்னத்தை உடைத்த மறுநாள் தொடங்கிய வலி. அதனை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் சப்பரம் இறங்கியதும் கசில்தா அருகில் வந்து, கூட்டத்தில் யாரும் காணாதபடி, அவருடைய உள்ளங்கையில் இரண்டு கிராம்புகளை வைத்து மூடினாள்.